பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நேயர்

வானொலியில் எனக்கு முதலில் கிடைத்த வேலை பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பது. பினாங்குப் பாலம் திறப்பதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. எங்கள் வீடு பட்டர்வொர்த்தில். நிலையம் அக்கரையில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில். காலையில் பெர்ரி ஏறினால், தெற்கே தூரத்தில் கடலுக்குள் தூண்கள் முளைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். நான் பகுதி நேர அறிவிப்பாளர். வாழ்த்துக் கேட்டு வரும் அஞ்சலட்டைகளைப் பிரித்து, யாருடைய பெயரையும் விட்டுவிடாமல் வாசித்து, ஒரு பாட்டைப் போட்டால் என் வேலை முடிந்தது.

எங்கள் தமிழ்ப் பிரிவின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் நிலையத்துக்கு வந்துவிடுவார். அப்படி வந்த ஒரு நாள், என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எத்தனை வருசமா நாமளே பேசிக்கிட்டு இருக்கோம்மா. கேக்குறவங்களையும் கொஞ்சம் பேச விட்டா என்ன?”

போனில் நேயர்கள் நேரடியாகப் பேசும் நிகழ்ச்சி. ஊரில் நடப்பதைப் பற்றி, ஞாயிறு காலை அரை மணி நேரம். நடத்த வேண்டியது நான். சமயம், இனம், கட்சி அரசியல் மூன்றும் வரக்கூடாது. அந்தப் பக்கம் பேச்சு திரும்பினால் உடனே ஒரு பாட்டைப் போட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்ன சட்டம். யாரோ எழுதியனுப்பியதை வாசிப்பது வேறு, முகம் தெரியாதவர் என்ன சொல்வார் என்று தெரியாமல் காத்திருப்பது வேறு.

முதல் ஞாயிறு, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்பது தலைப்பு. நான் அழைத்தேன், எண்ணைச் சொன்னேன், மறுபடியும் சொன்னேன். போன் ஊமையாகக் கிடந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த தொழில்நுட்பக்காரர் ஒரு சீனர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் முகத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டு ஒரு பாட்டைச் சுழல விட்டார். பாட்டு முடிகிற நேரத்தில் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ஒரு பெண் குரல்.

“அக்கா, பாப்பாவுக்கு இன்னிக்குப் பொறந்தநாளு. ஒரு பாட்டு போடுறீங்களா?”

“இது பஸ்ஸைப் பத்திப் பேசுற நிகழ்ச்சிம்மா. பஸ் லேட்டா வருதே, அதைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்.”

“பஸ்ஸு லேட்டுதான்லா,” என்றது அந்தக் குரல். “பாட்டு எப்பப் போடுவீங்க?”

எங்கள் நிகழ்ச்சியில் பதிவான முதல் பொதுக்கருத்து அதுதான். அடுத்தடுத்த வாரங்களில் நிறையப் பேர் அழைத்தார்கள். ஆனால் “ரொம்ப நல்லா நடத்துறீங்க, வணக்கம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். வானொலி என்றால் அது பேசும், நாம் கேட்போம் என்றே பழகியவர்கள். ‘உங்கள் கருத்து என்ன’ என்று நான் கேட்டதும் பள்ளி ஆய்வாளர் முன்னால் நிற்பது போல விறைத்துப் போனார்கள். பிறகு கேள்வியை மாற்றினேன். “உங்க வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி கடைசியா எப்ப வந்துச்சு?” என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்தது. ஆறு மாதத்தில் இரண்டு போன் இணைப்பும் ஓயாமல் அடித்தன. மீன் விலை, பள்ளிக்கூடக் கழிப்பறை, பெர்ரித் துறையான ஜெட்டியில் வரிசை, திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கி என்று எல்லாவற்றையும் ஜனங்கள் பிய்த்துப் போட்டார்கள். ஞாயிறு காலையில் முடிவெட்டும் கடைகளில் வானொலியை உரக்க வைத்துவிட்டுக் கத்தரியை நிறுத்திக் கேட்கிறார்களாம். பிரிவுத் தலைவர் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

ஒரு நாள் பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். குரலில் பதினெட்டு வயதுதான் இருக்கும்.

“அக்கா, தீவுல எலக்ட்ரானிக் ஃபேக்டரியில எனக்கு வேலை கெடைச்சிருக்கு. ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட்டும் வரும். அம்மா போவக்கூடாதுன்னு சொல்லுறாங்க. நீங்க இதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்களேன். எங்கம்மா உங்க நிகழ்ச்சியை விடாம கேப்பாங்க.”

அந்தக் காலத்தில் அது எல்லார் வீட்டிலும் இருந்த பேச்சு. தீவின் தெற்கே வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்திருந்தன. நீலச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்ட பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் நேரங்கெட்ட நேரத்தில் ஓடின. சிலர் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் தம்பி தங்கைகள் படித்தார்கள். சிலர் வீட்டில் அந்த வேலையால் கல்யாணப் பேச்சு நின்றது. அடுத்த ஞாயிறு அதையே தலைப்பாக வைத்தேன்.

நிகழ்ச்சி தொடங்கிய சிறிது நேரத்தில் ஓர் ஆண் குரல் வந்தது.

“வணக்கம் லா. நான் பட்டர்வொர்த்துல இருந்து ஒரு நேயர் லா. நான் சொல்றது என்ன லா, பொம்பளப் புள்ளைங்க லா, ராத்திரியில லா, வேலைக்குப் போறது சரியில்ல லா.”

என் கையிலிருந்த பென்சில் நழுவி விழுந்தது. அது என் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது மலாயாவில் என்றாலும் யாழ்ப்பாணப் பேச்சை ஒரு மாற்றுக் குறையாமல் வைத்திருந்தவர். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மலாய்க்காரர்களைப் போல வாய்க்கு வாய் ‘லா’ போட்டுப் பேசுவார்கள். அப்பாவுக்கு அதைக் கேட்டால் காதில் எறும்பு புகுந்தது போல இருக்கும். வானொலியில் நான் ஒரு நாள் வாய் தவறி ‘ஆமாம்லா’ என்று சொல்லிவிட்டேன் என்பதற்காக ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அந்த மனிதர்தான் இப்போது கண்ட இடத்திலெல்லாம் ‘லா’வை நட்டுக்கொண்டு வருகிறார். பின்னால் சரக்கு ரயில் பெட்டிகள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் நிற்கிறார் என்று தெரிந்தது.

“ஏன் சரியில்லன்னு சொல்லுறீங்க, ஐயா?” என்று கேட்டேன். அப்பாவை ‘ஐயா’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

“பாதுகாப்பு இல்ல லா. அதைத்தான் நான் கதைக்க… பேச வந்தது லா.”

சட்டென்று போனை வைத்துவிட்டார்.

நிலையத்தில் ஊழியர்களின் குடும்பத்தார் நிகழ்ச்சியில் கலந்துகொள்ளக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அதற்காகத்தான் இந்த வேடம் என்று எனக்கு விளங்கியது. ஆனால் சொல்ல வேண்டியதை வீட்டில் என்னிடமே சொல்லலாமே, எதற்குக் காசு போட்டு ஊருக்குச் சொல்கிறார் என்பது விளங்கவில்லை.

மதியம் வீட்டுக்குப் போனேன். அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“இண்டைக்கு நிகழ்ச்சி எப்பிடிப் போச்சுது?” என்று தாளை இறக்காமலே கேட்டார்.

“நல்லாப் போச்சுது அப்பா. பட்டர்வொர்த்திலயிருந்து ஒருத்தர் கதைச்சார்.”

“ஓமோ? என்ன சொன்னார்?”

“பொம்பிளைப் பிள்ளையள் இரவு வேலைக்குப் போகக்கூடாதாம்.”

“விசயம் தெரிஞ்ச ஆள் போல,” என்றார்.

குசினிக்குள் அம்மா சட்டியை மூடிபோட்டு மூடும் சத்தம் பெரிதாகக் கேட்டது. போய்ப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தா.

“பாசாருக்குப் போறன் எண்டு சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனவர்,” என்று காதோடு சொன்னா. “மீனும் இல்லை, மரக்கறியும் இல்லை, வெறுங்கையோட வந்து நிக்கிறார். எதிர் வீட்டு ரேடியோவில நான் கேட்டிட்டன் பிள்ளை. அந்த ‘லா’ எல்லாம் எங்கயப்பா படிச்சவர்?”

நாங்கள் இருவரும் அவரிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம்.

தலைப்பு ஒரு ஞாயிறில் முடிகிற மாதிரி இல்லை. அடுத்த வாரமும் அதையே தொடர்ந்தோம். பட்டர்வொர்த் நேயர் மறுபடி வந்தார். இந்த முறை அவருக்கு ஓர் எதிராளி கிடைத்தார். புக்கிட் மெர்தாஜாமில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. கணவர் இல்லை. இரண்டு மகள்களும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள். கண்ணாடிச் சன்னல் அதிரும்படியான குரல்.

“அந்த பட்டர்வொர்த் அண்ணே சொல்லுறது தப்பு. என் புள்ளைங்க ரெண்டு பேரும் நைட் ஷிஃப்ட் போவுதுங்க. ஒரு குறையும் இல்ல. அவரு என்னா, ஃபேக்டரியைப் போயிப் பாத்தாரா?”

அடுத்து அப்பா பதில் சொன்னார். அதற்கு அக்கா பதில் சொன்னார். ஒருவர் பேசி முடித்து மற்றவர் இணைப்புக் கிடைத்து வருவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும்; மிச்சச் சண்டை அடுத்த ஞாயிறுக்குப் போகும். இதற்காகவே ஜனங்கள் கேட்கத் தொடங்கினார்கள். பெர்ரியில் என் பக்கத்தில் நின்ற இருவர், பட்டர்வொர்த்தா புக்கிட் மெர்தாஜாமா என்று கட்சி பிரிந்து வாதாடியதை நானே கேட்டேன். அப்பாவின் கட்சிக்காரர் சற்றுத் தோற்றுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் வருத்தமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஐந்தாவது ஞாயிறில் இரண்டு இணைப்பிலும் இருவரும் ஒரே நேரத்தில் மாட்டினார்கள். சீனத் தொழில்நுட்பக்காரருக்கு ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் இரண்டு குரல்களையும் அடையாளம் தெரியும். இரண்டு விரலை உயர்த்திக் காட்டி, “துவா-துவா?” என்று மலாயில் கேட்டார். இரண்டு பேரையும் சேர்த்து விடவா என்று அர்த்தம். நான் யோசிப்பதற்கு முன்பே தலையாட்டிவிட்டேன்.

“அண்ணே, இன்னிக்கு நேராவே கெடைச்சிட்டீங்க,” என்றார் அக்கா. “ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுல பொம்பளப் புள்ளை இருக்கா?”

“இருக்கு லா. ஒண்ணு.”

“வேலைக்குப் போவுதா?”

“போவுது லா. அது ஆபீஸ் மாதிரி லா. அக்கரையில லா.”

“அப்ப பெர்ரியிலதான வரணும். என்னைக்காவது இருட்டுனப்புறம் வருமா?”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் தொழில்நுட்பக்காரரைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

“வரும்,” என்றார் அப்பா. ‘லா’ இல்லை.

“அது வந்து சேர்ற வரைக்கும் நீங்க என்னா செய்வீங்க?” அக்காவின் குரல் தணிந்திருந்தது.

“ஜெட்டியில போய் நிப்பன்,” என்றார். “ஒரு தூணுக்குப் பின்னால. அவளுக்குத் தெரியாது. அவள் இறங்கி பஸ் ஏறினாப் பிறகு நான் சைக்கிளில குறுக்கு வழியால வீட்டை போயிடுவன். அவள் வரேக்க நான் பேப்பர் படிச்சுக்கொண்டு இருப்பன்.”

மாலை நிகழ்ச்சியும் சேர்த்துச் செய்துவிட்டுத் தாமதமாக வந்த நாட்களில் எல்லாம் அவர் சாய்வு நாற்காலியில் சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. புழுக்கம் என்று நினைத்திருந்தேன்.

“அப்ப, வேலைக்குப் போவாதேன்னு அந்தப் புள்ளைகிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார் அக்கா.

“ஏன் சொல்லோணும்? அவள் வடிவாக் கதைக்கிறாள். ஊரே அவளை இருந்து கேக்குது. நீங்களும்தான் இப்ப கேட்டுக்கொண்டு இருக்கிறியள்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டது வானொலியில் கேட்டது. மைக் திறந்திருக்கிறது; ஊர் முழுக்கக் காத்திருக்கிறது.

“அப்பா,” என்றேன். “ஒரு பாட்டுக்குப் பிறகு கதைப்பம்.”

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பிரிவுத் தலைவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான் எழுந்து நின்றேன். குடும்பத்தார் விதியை அவர்தான் எனக்குச் சொன்னவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை தெரியாது.

“விதி விதிதான்மா. மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா அவரை லைன்ல இருந்து விட்டுடாதே.”

அப்பா அதற்குள் வைத்துவிட்டிருந்தார். ஆனால் பாட்டு முடிந்ததும் முதலில் வந்த அழைப்பு, இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்த பாகான் டாலாம் பெண்ணுடையது. அம்மாவிடம் கெஞ்சி அவள் வேலையில் சேர்ந்துவிட்டிருந்தாள். பகல் ஷிஃப்ட் மட்டும் என்ற நிபந்தனையோடு.

“அக்கா, அந்த ஐயா ஜெட்டியில நிக்குறாரு. ஜெட்டியில வெளிச்சம் இருக்கு, ஆளுங்க இருக்காங்க. எங்களுக்கு அதுகூட இல்ல. கம்பெனி பஸ்ஸு மெயின் ரோட்டுலயே எறக்கி விட்டுட்டுப் போயிடுது. உள்ள வர்ற வழியில லைட்டே கெடையாது. எங்கம்மாவுக்கு வேலைமேல பயமில்ல. அந்த வழிமேலதான் பயம்.”

ஐந்து வாரமாகப் பெண்கள் இரவில் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்தது. பஸ் ஏன் உள்ளே வருவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அதை அப்படியே நேயர்களிடம் கேட்டேன். சற்று நேரத்தில் ஒரு கம்பெனி பஸ் டிரைவரே அழைத்தார்.

“எனக்கு மட்டும் ஆசையா, தங்கச்சி, புள்ளைங்கள ரோட்டுல எறக்கி விட? அந்த முக்குல லாரிங்களை நிறுத்தி வச்சிருக்கானுங்க. பஸ்ஸைத் திருப்ப முடியாது. லாரியை எடுக்கச் சொல்லுங்க, வாசல்லயே கொண்டாந்து எறக்குறேன்.”

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “அந்த லாரிக்காரரை எனக்குத் தெரியும். ரயில்வேச் சரக்கு ஏத்துற ஆக்கள்தான். நாளைக்குப் போய்க் கதைக்கிறன்,” என்றார். தூணைப் பற்றி நானும் கேட்கவில்லை. தேநீரை ஊற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே துணியை விட்டு அவர் துடைத்தார்; மறுபக்கம் வந்த துணி நுனியை நான் பிடித்து இழுத்துக் கொடுத்தேன்.

லாரிக்காரர்கள் சுலபத்தில் மசியவில்லை. அப்பா தன்னோடு ஓய்வு பெற்ற இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார். பாகான் டாலாம் பெண்ணின் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஒரு நாள் சேர்ந்து போய் லாரிகளுக்கு முன்னால் நின்றார்கள். கடைசியில் லாரிக்காரர்கள் பக்கத்துத் திடலில் நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். பஸ் உள்ளே வந்தது. விளக்குக்கு நகராண்மைக் கழகத்திலிருந்து ஓர் அதிகாரியை நிகழ்ச்சிக்கே அழைத்தோம். அவர் “பார்க்கலாம்” என்றார். “எப்பப் பாப்பீங்க?” என்று புக்கிட் மெர்தாஜாம் அக்கா போனில் அவரை உலுக்கி எடுத்தார். விளக்கு மெதுவாக வந்தது. எல்லாக் கம்பத்திலும் எரியவில்லை, ஆனாலும் வந்தது. அந்தப் பெண் அடுத்த மாதமே நைட் ஷிஃப்டுக்கு மாறினாள். அவள் அம்மா நிகழ்ச்சிக்கு அழைத்து, ஒரு பாட்டு கேட்டார். போட்டோம்.

இதெல்லாம் நடந்த பிறகு பிரிவுத் தலைவருக்கு ஓர் ஆசை வந்தது. குரலாக மட்டுமே தெரிந்த இவர்களையெல்லாம் ஒரே இடத்தில் உட்கார வைத்து, அங்கிருந்தே ஒலிபரப்ப வேண்டும். பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளி மண்டபம் கிடைத்தது. நாற்காலிகள் போதாமல் ஜனங்கள் சுவரோரமாக நின்றார்கள். அம்மா ஒரு கூடை நிறைய வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தா.

அப்பா முன்வரிசையில் உட்காராமல் நடு வரிசையில் ஒதுங்கியிருந்தார். ஒல்லியாக, என் தோளுயரம்கூட இல்லாத ஒரு பெண்மணி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“இங்க அந்த பட்டர்வொர்த் அண்ணே யாரு?”

மண்டபமே திரும்பியது. அந்தக் குரலுக்கு அந்த உடம்பா என்று நானே அசந்து நின்றேன். அப்பா எழுந்தார்.

“நான்தான், தங்கச்சி.”

“நீங்களா? பெரிய மீசை, தொந்தின்னு நெனைச்சிருந்தேன்லா!”

“நான் உங்களை இதைவிட மூண்டு மடங்கு பெரிய ஆள் எண்டு நினைச்சிருந்தனான்,” என்றார் அப்பா. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா வடைக் கூடையோடு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டா.

“இவர் வீட்டில ஒரு நாளும் இவ்வளவு கதைச்சதில்லை. உங்களோடதான் வாய் திறந்தவர். நீங்கள் அடிக்கடி சண்டை பிடியுங்கோ.”

ஒலிபரப்புத் தொடங்கியது. பெண்பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ஓட்டினால் என்ன தப்பு என்று அக்கா பாய்ந்தார். அப்பா எழுந்து, மழை நாளில் அந்த ரோட்டில் சைக்கிளே வழுக்கும் என்று ஆரம்பித்தார். பஸ் டிரைவர் மூன்றாவது கட்சி. நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை ஓடினேன். ஒரு கட்டத்தில் யாரும் மைக்குக்குக் காத்திருக்கவில்லை; தொழில்நுட்பக்காரர் கடிகாரத்தைக் காட்டி, கழுத்தில் விரலை வைத்து இழுத்தார். நேரம் முடிந்தது. நன்றி வணக்கம் சொல்லி முடித்தேன்.

ஒருவரும் எழுந்து போகவில்லை. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வடையைக் கடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். சீனத் தொழில்நுட்பக்காரர் வயர்களைச் சுருட்டி வேனில் ஏற்றிவிட்டு வந்து, மலாயில் என்னிடம் கேட்டார்: “இவங்களுக்கு ஒலிபரப்பு முடிஞ்சது தெரியாதா?”

“தெரியும்,” என்றேன். அம்மா அவர் கையில் ஒரு வடையை வைத்தா. அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.